சைக்கிளின் முன் சஸ்பென்ஷன் ஃபோர்க்கில் கம்ப்ரெஷன் டேம்பிங் (ஃபோர்க் சட்டென்று அமுங்காமல் தடுக்கும் எதிர்ப்பு) வேலை செய்யவில்லையா?

பிரேக் பிடித்ததும் முன்பக்கம் சட்டென்று அமுங்குகிறது, அந்த எதிர்ப்பைக் கூட்டிக் குறைக்கும் நாபை எவ்வளவு திருப்பினாலும் வித்தியாசமே இல்லை என்றால் உடனே டேம்பரை (அந்த எதிர்ப்பைத் தரும் எண்ணெய் உள்ள பாகம்) பிரிக்க வேண்டாம். முதலில் ஃபோர்க்கின் காற்றழுத்தத்தைப் பாருங்கள், பாதிப் புகார்கள் அங்கேயே முடிந்துவிடும். வண்டியில் ஏறி நின்றால் மொத்த டிராவலில் (ஃபோர்க் இறங்கக்கூடிய முழுத் தூரம்) 15 முதல் 25 சதவீதம் வரை இறங்கலாம்.

அது சரியாக இருந்தால் அடுத்த சோதனை: ஏர் ஸ்பிரிங்கில் (ஃபோர்க்கில் ஸ்பிரிங்காக வேலை செய்யும் காற்று அறை) உள்ள காற்றை முழுக்க வெளியேற்றிவிட்டு, கம்ப்ரெஷன் நாபை ஒருமுறை முழுதாகத் திறந்தும் ஒருமுறை முழுதாக மூடியும் ஃபோர்க்கை அமுக்கிப் பாருங்கள், ஸ்பிரிங் குறுக்கே வராததால் டேம்பரின் எதிர்ப்பு மட்டும் கைக்குத் தெரியும். இரண்டுக்கும் ஒரே மாதிரி இருந்தால் கோளாறு டேம்பர் பக்கம்தான். ஆரம்பத்தில் கொஞ்ச தூரம் வெறுமையாக இறங்கி அப்புறம் பிடித்தால், எண்ணெய் குறைந்திருக்கலாம் அல்லது அதில் காற்று கலந்திருக்கலாம். லாக்கவுட் (ஃபோர்க் அமுங்காமல் பூட்டும் வசதி) போட்டும் பலமாக அமுக்கினால் லேசாக இறங்குவது பல ஃபோர்க்குகளில் இயல்பு, அதைக் கோளாறென்று நினைக்காதீர்கள்.

பிரிப்பதற்கு முன் நாபின் சிறு திருகு தளர்ந்து வெறுமனே சுற்றுகிறதா, ஹேண்டில்பார் ரிமோட் இருந்தால் கேபிள் தொய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இரண்டும் சரி என்றால் டேம்பர் எண்ணெயை மாற்றி பிளீட் செய்ய (அதில் கலந்த காற்றை வெளியேற்ற) வேண்டியதுதான். எண்ணெயின் வகையும் அளவும் உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் உள்ளபடியே இருக்கட்டும். பிளீட் செய்தும் சில நாளில் பழையபடி ஆனால் சீல் தேய்ந்திருக்கும்.