பதில் வராத மனுவைத் திருத்தும் முறை

கூட்டு மனு கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தால், நான் முதலில் பார்ப்பது கோரிக்கைப் பத்தியை. "தக்க நடவடிக்கை எடுக்கவும்" என்ற வரியை அடித்துவிடுவேன். அதற்குத் "தக்க நடவடிக்கை எடுக்கப்படும்" என்றே பதில் வரும், கோப்பும் மூடப்படும். யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும் என்று ஒரே வாக்கியம் போதும். கோரிக்கை இரண்டு இருந்தால் எளிதானதற்கு மட்டும் பதில் தருவார்கள். பிரித்து இரண்டு மனுவாக்குங்கள்.

அதிகாரமில்லாதவர் பெயருக்குப் போன மனு மேசை மேசையாக நகரும்.

கையெழுத்துத் தாள் ஒவ்வொன்றின் தலையிலும் கோரிக்கை அச்சாகியிருக்க வேண்டும். வெற்றுத் தாளில் வாங்கியதை, எதற்கென்று தெரியாமல் போட்டது எனத் தள்ளிவிடலாம். பிரிட்டன் நாடாளுமன்ற இணைய மனுவில் 10,000 கையெழுத்துக்கு அரசின் பதில், 1,00,000-க்கு விவாதப் பரிசீலனை. அப்படி வரம்பு இல்லாத இடங்களில் நேரடியாகப் பாதிக்கப்பட்டவர்களின் கையெழுத்துக்கே எடை அதிகம் (பிரபலங்களுடையது செய்திக்குத்தான் உதவும்).

நீதிமன்ற மனு வேறு ரகம். அங்கே ஆயிரம் கையெழுத்தும் காலக்கெடு தாண்டிய வழக்கைக் காப்பாற்றாது. மனுதாரரின் உரிமை, அது மீறப்பட்ட விதம், கேட்கும் பரிகாரம் மூன்றும் தெளிவாக வேண்டும்.

அலுவலகத்தில் மனுவைக் கொடுக்கும்போது உங்கள் நகலில் முத்திரை, தேதி, பதிவு எண் வாங்குங்கள். நினைவூட்டுக் கடிதத்தின் முதல் வரியில் அந்தத் தேதியும் பதிவு எண்ணும் இல்லையென்றால் அதைப் புது மனுவாகப் பதிந்துவிடுவார்கள்.