மினி காரின் பெடல் தொகுதியைப் புதுப்பித்தல்

பழைய மினி ஒன்றின் கிளச்சை அடிவரை மிதித்த பின்பும் ரிவர்ஸ் கியர் கரகரத்துக்கொண்டே விழுமானால், கொழும்பில் பெரும்பாலும் முதலில் மாற்றப்படுவது, பெடலின் அழுத்தத்தைத் திரவத்தில் செலுத்தும் மாஸ்டர் சிலிண்டர். சத்தம் நிற்காவிட்டால், கீழே அந்தத் திரவத்தின் அழுத்தத்தால் கிளச்சை இயக்கும் ஸ்லேவ் சிலிண்டர். அதற்கும் நிற்காவிட்டால் கிளச் தட்டு. என் காருக்கு நானும் இதே வரிசையில்தான் செலவழித்தேன். இறுதியில் பிழை இருந்தது, பெடலைத் தள்ளுதண்டுடன் இணைக்கும் சிறிய கிளெவிஸ் பின்னிலும் அது நுழையும் துவாரத்திலும்தான்.

மொரிஸ் மைனரின் பெடல்கள் தரையைத் துளைத்து மேலே வருபவை. 1959 முதல் 2000 வரை உற்பத்தியான மினியிலோ பிறேக், கிளச் பெடல்கள் இரண்டும் டாஷ்போர்டுக்குக் கீழே ஒரே குறுக்குத் தண்டில் தொங்குகின்றன. ஒவ்வொன்றின் மேற்பகுதியிலும் உள்ள துவாரத்தில், எஞ்சின் பக்கமாக நிற்கும் மாஸ்டர் சிலிண்டரின் தள்ளுதண்டு 5/16 அங்குலப் பின் ஒன்றினால் மாட்டப்பட்டிருக்கும். பெடல் ஒரு நெம்புகோல் ஆகையால், அந்தத் துவாரத்தில் ஏற்படும் சிறு தேய்மானம் பாதத்தின் கீழ் பல மடங்காகப் பெருகித் தெரியும். குறுக்குத் தண்டின் மையத்திலிருந்து மிதிக்கும் இடம் வரையான தூரத்தை, அதே மையத்திலிருந்து துவாரம் வரையான தூரத்தால் வகுத்துப் பாருங்கள். விடை ஐந்து என்று வந்தால், பின்னிலும் துவாரத்திலும் தள்ளுதண்டின் கவையிலும் சேர்ந்து இரண்டு மில்லிமீற்றர் தேய்ந்த கார், பெடலின் பயணத்தில் பத்து மில்லிமீற்றரை வீணாக்கிவிடுகிறது.

ஆகவே எதையும் கழற்றுவதற்கு முன் அளந்துகொள்ளுங்கள். பெடலைக் கையால் மெதுவாக அழுத்தி, தள்ளுதண்டு அசையத் தொடங்கும் வரை அது எவ்வளவு தூரம் சும்மா போகிறது என்பதை அடிமட்டத்தால் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் ஒருவரை முழுவதும் மிதிக்கச் சொல்லி, ஸ்லேவ் சிலிண்டரின் தண்டு எவ்வளவு வெளியே வருகிறது என்று பாருங்கள். சுமார் அரை அங்குலம் வரவேண்டும். அங்கே குறைவாகவும் பெடலில் வீண் அசைவு அதிகமாகவும் இருந்தால், நீங்கள் தேடும் இடம் இதுதான். தள்ளுதண்டு வழியாகத் திரவம் வடிந்து பெடலின் பெயின்ட் கொப்புளித்திருந்தால் மாஸ்டர் சிலிண்டரும் தன் பங்குக்குக் கெட்டிருக்கிறது என்று பொருள்.

கருவிகளைப் பற்றி ஒரு சொல். நம் ஊர் கராஜ்கள் ஜப்பான் கார்களுக்குப் பழகியவை. அங்கே கைக்கு முதலில் வருவது 13 மில்லிமீற்றர் ஸ்பானர். மினியின் அரை அங்குல நட்டின் தலை 12.7 மில்லிமீற்றர்தான். அந்தச் சிறு இடைவெளி போதும், துருப்பிடித்த நட்டின் மூலைகள் வழுவழுவென்று தேய்ந்துபோக. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி போன்ற கடற்கரைப் பகுதிகளில் நிறுத்தப்படும் கார்களில் அந்த நட்டுகள் எளிதில் அசையமாட்டா. முந்திய நாள் இரவே துரு இளக்கும் எண்ணெயை அடித்துவைத்து, அங்குல அளவு ஸ்பானர்களை இரவல் வாங்கியாவது பயன்படுத்துங்கள்.

பற்றரியின் இணைப்பைக் கழற்றி, சாரதி ஆசனத்தை எடுத்துவிட்டால், முதுகைத் தரையில் வைத்துப் படுத்து வேலை செய்யலாம். இது சொகுசான வேலை அன்று. திரும்பு ஸ்பிரிங்குகளைக் கழற்றி, ஸ்பிளிட் பின்களை நிமிர்த்தி எடுத்து, கிளெவிஸ் பின்களை வெளியே தள்ளுங்கள். அதன் பின் குறுக்குத் தண்டின் நட்டைக் கழற்றித் தண்டைப் பக்கவாட்டில் உருவினால் இரு பெடல்களும் கைக்கு வரும். எந்தப் பாகம் எந்தப் பக்கம் இருந்தது என்பதை முன்கூட்டியே தொலைபேசியில் படமெடுத்துக்கொள்வது நல்லது.

சுத்தம் செய்த பின் பார்த்தால் பின் ஒரு பக்கத்தில் படிக்கட்டு போலத் தேய்ந்திருக்கும். துவாரம் வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் இருக்கும். புதிய பின்னை மட்டும் போட்டால் பாதிக் குறை அப்படியே நிற்கும். பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளில் தேடும்போது 8 மில்லிமீற்றர் பின் ஒன்றைத் தந்து, துவாரத்தைச் சற்றுப் பெருப்பித்துப் போடச் சொல்வார்கள். 5/16 அங்குலம் என்பது 7.94 மில்லிமீற்றர், தேய்மானம் மிகச் சிறிதாக இருந்தால் மட்டுமே அந்த வழி உதவும். முட்டை வடிவான துவாரத்துக்கு இரண்டு சிகிச்சைகள் உண்டு. ஒன்று, வெல்டிங்கால் நிரப்பி மீண்டும் துளைப்பது. மற்றது, துவாரத்தை அகலமாகக் கடைந்து, உள்ளே 5/16 அங்குலத் துளையுள்ள எஃகுப் புஷ் (குழாய் போன்ற உள்ளுறை) ஒன்றை அழுத்திப் பொருத்துவது. சுற்றிலும் போதிய உலோகம் இருந்தால் நான் இரண்டாவதையே தேர்வேன். புஷ் தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம். பெடலைச் சூடாக்க வேண்டியதும் இல்லை.

எந்த வழியானாலும் துவாரத்தின் மையம் இடம் மாறக் கூடாது. லேத் பட்டறைக்குக் கொடுக்கும் முன், துவாரத்தின் தேயாத விளிம்பை அடிப்படையாகக் கொண்டு பழைய மையத்தைக் கணித்து, ஒரு தகரத் துண்டில் அச்சு வெட்டிக் கொடுங்கள். மினியின் தள்ளுதண்டுகள் பெரும்பாலும் நீளம் மாற்ற முடியாதவை. மையம் சிலிண்டரை நோக்கித் தள்ளிப்போனால், கால் எடுத்த பின்பும் சிலிண்டரின் பிஸ்டன் சிறிது அழுத்தப்பட்டே இருக்கும். திரவம் தொட்டிக்குத் திரும்பும் சிறு துளை திறக்காது. ஓட ஓடச் சூடேறி விரியும் திரவம் பிறேக்கைத் தானாகவே பிடித்துவிடும். பெடலின் தண்டில் வெடிப்புத் தென்பட்டால் அதை ஒட்டவைக்க எண்ணாமல் வேறு பெடல் தேடுங்கள்.

குறுக்குத் தண்டை நகத்தால் வருடிப் பாருங்கள். படி தட்டுப்பட்டால் தண்டும் மாற்றத்தக்கது. பெடல்களில் இந்தத் தண்டு நுழையும் இடத்துக்குப் புதிய புஷ்களை அழுத்திய பின் உள்விட்டம் சற்றுச் சுருங்குவதால், ரீமர் என்னும் துளை சீராக்கும் கருவியைப் போட்டுத் தண்டுக்கு அளவாக்க வேண்டும்; பெடல் தன் எடையிலேயே விழவேண்டும், பக்கவாட்டில் ஆடக் கூடாது. மெல்லிய பூச்சாகக் கிறீஸ் போதும். அது தள்ளுதண்டின் ரப்பர் உறை வழியாகச் சிலிண்டருக்குள் போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் சாதாரணக் கிறீஸ் பிறேக் ரப்பர்களை ஊதிப் பெருக்கச் செய்யும்.

பொருத்துவது கழற்றியதன் மறுதலை. ஸ்பிளிட் பின்கள் மட்டும் கட்டாயம் புதியவையாக இருக்கவேண்டும். பிறேக் விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள். இந்த ஊரின் ஈரக் காற்றில் பிறேக், கிளச் திரவம் நீரை உறிஞ்சிக்கொள்ளும்: டொட் 4 வகைத் திரவத்தின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியஸ், நீர் ஏறியபின் அந்த எல்லை 155 ஆகிவிடுகிறது. எனவே இதே வேளையில் அதையும் மாற்றிவிடுவது வீண் வேலை அன்று.

காலி வீதிக்கு எடுத்துச் செல்லும் முன் நெரிசல் இல்லாத ஒழுங்கை ஒன்றில் மெதுவாக ஓட்டி, பலமுறை பிறேக் பிடித்துப் பாருங்கள். அதன் பின் பிறேக்கைத் தொடாமல் சில கிலோமீற்றர் ஓடி, காரைத் தானாக உருண்டு நிற்கவிட்டு, சில்லுகளின் அருகே கையைக் கொண்டுபோங்கள். எல்லாச் சில்லுகளும் ஒருசேரச் சூடாக இருந்தால் பிஸ்டன் முழுவதுமாகத் திரும்பவில்லை. அந்தத் துவாரத்தின் மையத்தை மறுபடியும் அளந்து பாருங்கள்.