டேப்பில் இருந்து ஒரே ஒரு கோப்பை மீட்க

கோப்புகளைக் கட்டி வைக்கவும் பிரித்தெடுக்கவும் உதவும் டார் (tar) கட்டளையில் காப்பு டேப்பைத் திறக்கும் முன் கார்ட்ரிட்ஜின் (டேப் பெட்டியின்) எழுத்துத் தடைப் பொத்தானைத் தடை நிலைக்குத் தள்ளிவிடுங்கள். மீட்கும் அவசரத்தில் 'எக்ஸ்' (x, பிரித்தெடு) அடிக்க வேண்டிய இடத்தில் 'சி' (c, புதிதாக எழுது) அடித்துவிட்டால் பழைய காப்பு போயே போச்சு.

லினக்ஸில் ஒரே டேப் டிரைவுக்கு இரண்டு பெயர்கள் உண்டு. 'எஸ்டி0' (st0) என்றால் ஒவ்வொரு கட்டளை முடிந்ததும் டேப் தானாகத் தொடக்கத்துக்குச் சுற்றிவிடும். 'என்எஸ்டி0' (nst0) என்றால் நின்ற இடத்திலேயே நிற்கும். ஒரே டேப்பில் பல நாள் காப்புகள் இருந்தால் இரண்டாவதுதான் வேண்டும். மூன்றாவது காப்பு தேவையா? டேப்பை நகர்த்தும் 'எம்டி' (mt) கட்டளையால் ரீவைண்ட் செய்து (தொடக்கத்துக்குச் சுற்றி), 'எஃப்எஸ்எஃப் 2' (fsf 2, இரண்டு காப்புகளைத் தாண்டு) கொடுங்கள். மூன்று அல்ல, இரண்டு. தாண்ட வேண்டியது இரண்டைத்தானே! (நானும் இதில் ஏமாந்திருக்கிறேன்.)

முதலில் டாரின் 'டி' (t) விருப்பத்தால் காப்பில் உள்ள கோப்புகளின் பட்டியலைப் பாருங்கள். அதில் கோப்பின் பாதை எப்படி இருக்கிறதோ, எழுத்து மாறாமல் அப்படியே கொடுத்தால்தான் கோப்பு வரும். பட்டியல் பார்த்ததில் டேப் நகர்ந்திருக்கும், ஆகவே மறுபடி ரீவைண்ட், மறுபடி 'எஃப்எஸ்எஃப்'. அப்புறம் காலி அடைவு (ஃபோல்டர்) ஒன்றுக்குள் போய் 'எக்ஸ்' கொடுங்கள். நேராகப் பழைய இடத்தில் பிரித்தால் இன்றைய கோப்பின் மேல் பழையது ஏறிவிடும்.