பிரியாணியும் வரதட்சணையும்: ஒரு இந்திப் படத்துக்கு வந்த விமர்சனங்களைப் படிப்பது எப்படி

இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனில் நம் வீடுகளில் இந்திப் படம் போட்டால் பாதிப் பேருக்கு மொழி புரியாது. திரைக்குக் கீழே ஓடும் ஆங்கில வரிகளைப் படித்துக்கொண்டே, போனில் விமர்சனத்தையும் தேடிக்கொண்டு, "இதுக்கு ரெண்டரை ஸ்டார்தானாம்" என்று யாராவது சொன்னதும் அறையில் உற்சாகம் வடிந்துவிடும். நான் மாதம் ஒருமுறை தெருவிலுள்ள பெண்களை வீட்டுக்குக் கூப்பிட்டுப் படம் போட்டுப் பேசவைக்கிறேன். முதல் தடவை ஒரு விமர்சனத்தை அச்செடுத்துக் கொடுத்தது என் தப்பு, அன்று இரவு முழுக்க ஸ்டார் கணக்கைப் பற்றியே பேசினோம், படத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அப்புறம் 'தாவத்-ஏ-இஷ்க்' படத்தை எடுத்து, அதற்கு வந்த விமர்சனங்களை எப்படிப் படிப்பது என்று எனக்கென ஒரு முறை வைத்துக்கொண்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் செய்து பாருங்கள்.

படத்தைப் பற்றிக் கொஞ்சம். ஹபீப் ஃபைசல் எழுதி இயக்கி, யஷ் ராஜ் நிறுவனம் தயாரித்து, 2014 செப்டம்பர் 19 அன்று வந்தது. ஐதராபாத்தில் செருப்புக் கடையில் வேலை பார்க்கும் குல்ரேஸ் என்ற பெண்ணாகப் பரிநீதி சோப்ரா, நீதிமன்றத்தில் குமாஸ்தாவாக இருக்கும் அவள் அப்பாவாக அனுபம் கேர். மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொருவரும் ரொக்கம் கேட்கிறார்கள், கடைசியில் அவளுக்கு வெறுத்துப்போகிறது. வரதட்சணைக் கொடுமைக்கு எதிரான சட்டத்தையே பொறியாக வைத்து ஒரு பணக்காரக் குடும்பத்தை மடக்கலாம் என்று அப்பாவையும் இழுத்துக்கொண்டு வேறு பெயரில் லக்னோ போகிறாள். அங்கே கபாப் கடைக்காரன் தாரிக், அதாவது ஆதித்ய ராய் கபூர், அவள் மனதைத் தொட்டுவிடுகிறான். முடிவைச் சொல்லமாட்டேன், நீங்களே பாருங்கள்.

விமர்சகர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்தார்கள். நடிகர்கள் நன்றாகச் செய்திருக்கிறார்கள், அப்பா பெண் உறவு அழகு, சாப்பாட்டுக் காட்சிகள் பசியைக் கிளப்புகின்றன என்றார்கள் ஒரு பக்கம். பின்பாதி தொய்கிறது, கதை எங்கே போகும் என்று முன்பே தெரிந்துவிடுகிறது, வரதட்சணை மாதிரி கனமான விஷயத்தைத் தொட்டுவிட்டு அப்படியே விட்டுவிட்டார்கள் என்றார்கள் இன்னொரு பக்கம். மொத்தத்தில் கலவையான வரவேற்பு, வசூலும் பெரிதாக இல்லை. இதோடு நிறுத்திவிடாதீர்கள், வேலை இனிமேல்தான் இருக்கிறது.

முதலில் செய்ய வேண்டியது இது: ஒரு விமர்சனத்தைப் படிக்கும்போது, இவர் எந்தப் படத்தைப் பார்க்கப் போனார் என்று கேளுங்கள். இந்த ஒரு படத்துக்குள் மூன்று படம் இருக்கிறது. ஒன்று சாப்பாட்டுப் படம், ஒன்று காதல் படம், ஒன்று வரதட்சணைப் படம். சாப்பாட்டை நம்பிப் போனவர் 'சமைக்கிறதையே காட்டவில்லையே' என்பார், காதலுக்காகப் போனவருக்குப் பாட்டும் லக்னோவும் போதும், வரதட்சணையை நினைத்துப் போனவர் கோபத்தோடு வெளியே வருவார். மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. நோட்டில் மூன்று தலைப்பு எழுதி, ஒவ்வொரு விமர்சனத்திலும் எந்தத் தலைப்பின் கீழ் எத்தனை வரி இருக்கிறது என்று குறித்துக்கொண்டே போங்கள். ஆளைப் பற்றிய சங்கதி அதிலேயே வெளியே வந்துவிடும். அப்புறம் அவர் ஸ்டாரைப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்காது.

அந்த வாரம் வேறு என்ன படம் வந்தது என்றும் பாருங்கள். அதே செப்டம்பர் 19 அன்று 'கூப்சூரத்' என்ற இன்னொரு காதல் நகைச்சுவையும் வெளியானது. ஒரே நாளில் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கிறவர் மனதில் ஒப்பீடு தானாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சாப்பாட்டுப் பகுதியில் நமக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, இதில் நாம் வெட்கப்படவே தேவையில்லை. ஐதராபாத் பிரியாணியில் பச்சைக் கறியை மசாலாவில் ஊறவைத்து, பாதி வெந்த அரிசியை மேலே போட்டு, மூடியை மாவால் ஒட்டி தம் போடுவார்கள். லக்னோவில் பெரும்பாலும் கறியை முன்பே வேகவைத்துவிட்டு அப்புறம் அடுக்குவார்கள், மசாலாவும் அடக்கம். நம் டர்பன் பிரியாணிக்கு மைசூர்ப் பருப்பு வேண்டும், உருளைக்கிழங்கு வேண்டும், பக்கத்தில் பருப்பும் புளித்த மோரும் வேண்டும். இது தெரிந்த ஒருவர் அந்தப் படத்தைப் பார்க்கும் விதமே வேறு. குல்ரேஸ் ஐதராபாத்துக்காரி, தாரிக் லக்னோக்காரன், அவர்கள் நாக்கே இரண்டு ஊராக இருக்கிறது, அந்த வித்தியாசத்தைப் படம் இன்னும் எவ்வளவோ பயன்படுத்தியிருக்கலாம் என்பது என் வருத்தம். கபாப் தட்டைக் காட்டும்போது கேமரா கிட்டே போகிறது, கை எப்படி வேலை செய்கிறது என்று காட்டும்போது அவசரப்படுகிறது. சாப்பாட்டுக் காட்சிகள் அருமை என்று எழுதிய விமர்சகர், எந்தக் காட்சி, எந்தப் பண்டம், அது கதைக்கு என்ன செய்தது என்று ஒரு வரியாவது சொல்லியிருக்கிறாரா பாருங்கள். சொல்லவில்லை என்றால் அவருக்குப் பசித்திருக்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்துக் கல்யாண வீட்டில் முந்தின நாள் ராத்திரி உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்தால் பத்துப் பதினைந்து பெண்கள் வட்டமாக இருப்போம். விடியற்காலையில் விறகடுப்பில் பெரிய பாத்திரம் ஏறும். மூடியைத் திறக்கும் அந்த நிமிஷம், ஆவி மேலே வந்து கண்ணாடியை மறைக்கும்போது, பெரியம்மா ஒரு கரண்டியை ஓரமாக விட்டு அடியிலிருந்து கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் வைத்து ருசி பார்ப்பார். பருப்பு உடைந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார், உப்பு அப்புறம். ஒரு சாப்பாட்டுப் படத்தில் நான் தேடுவது இப்படி ஒரு நிமிஷத்தைத்தான்.

சரி, இப்போது கனமான பகுதிக்கு வருகிறேன். இந்தப் படத்தின் விமர்சனங்களைப் படிக்கிறவர் அந்தச் சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் யார் சொல்வது நியாயம் என்று முடிவுசெய்ய முடியாது. இந்தியாவில் வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இல் வந்தது, வாங்குவதும் குற்றம், கொடுப்பதும் குற்றம். கணவனும் அவன் வீட்டாரும் செய்யும் கொடுமைக்காக 2024 வரை நடப்பிலிருந்த தண்டனைச் சட்டத்தில் 1983இல் 498ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள், மூன்று வருஷம் வரை சிறை. வரதட்சணை மரணத்துக்கு 1986இல் தனிப் பிரிவு வந்தது, அதில் குறைந்தது ஏழு வருஷம். குல்ரேஸ் பிடித்துக்கொள்ளும் ஆயுதம் அந்த 498ஏ. இப்போது தேதியைக் கவனியுங்கள். 2014 ஜூலை 2 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் அர்னேஷ் குமார் வழக்கில், இந்தப் பிரிவைச் சிலர் கேடயமாக இல்லாமல் ஆயுதமாகப் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லி, போலீஸ் உடனே கைது செய்யக் கூடாது என்று நெறிமுறை வகுத்தது. படம் வந்தது அதற்குப் பதினோரு வாரம் கழித்து. அந்த நேரத்தில் விமர்சனம் எழுதியவர்கள் அந்தக் காற்றையும் சேர்த்துத்தான் சுவாசித்துக்கொண்டிருந்தார்கள். அதே 2014இல் இந்தியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 8,455 வரதட்சணை மரண வழக்குகள் பதிவாயின. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பொய் வழக்கை வைத்து மிரட்டும் கதாநாயகியைப் பார்த்தால் சிரிப்பு கொஞ்சம் தொண்டையில் நிற்கும். எனக்கு நின்றது. பரிநீதி அந்தக் கோபத்தை நம்பும்படி செய்கிறார், ஒவ்வொரு பேரத்துக்கும் அவள் முகம் இறுகுவது தெரிகிறது, அதனால்தான் அவள் எடுக்கும் வழியைப் பற்றிப் படம் இன்னும் கொஞ்ச நேரம் நின்று யோசித்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். வரதட்சணையை லேசாகத் தொட்டுவிட்டார்கள் என்று குறை சொன்ன விமர்சகர்கள் பக்கம்தான் நான். ஆனால் அதை ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த பத்தியில் உடையலங்காரத்துக்குப் போய்விட்டவரை நான் அவ்வளவாக நம்பமாட்டேன்.

இன்னொரு விஷயம், இது ஆங்கில வரிகளில் தொலைந்துபோவது. கதை முஸ்லிம் குடும்பங்களில் நடக்கிறது. இஸ்லாமியத் திருமணத்தில் மணமகன் மணமகளுக்குக் கொடுக்க வேண்டியது மஹர். பெண் வீட்டிலிருந்து பொருளும் பணமும் போவதை உருதுவில் ஜஹேஸ் என்பார்கள். அதாவது அவர்கள் மார்க்கப்படி கொடுக்க வேண்டியவன் கையை நீட்டி வாங்குகிறான். இந்த உறுத்தல் கீழே ஓடும் வரியில் வராது, வந்தாலும் ஒரே 'டவ்ரி'யாகப் போய்விடும். நல்ல விமர்சனம் என்றால் இதைத் தொட்டிருக்க வேண்டும்.

இதை நம் ஊர்ப் பெண்களிடம் எப்படிப் பேச்சுக்குக் கொண்டுவருவது என்று யோசித்தபோது எனக்கு உதவியது என்னோடு வேலை செய்யும் ஒரு ஜூலுப் பெண்ணின் கேள்வி. கதையைச் சொன்னேன். "இரு, பெண் வீட்டுக்காரர்களா கொடுக்கிறார்கள்? அவர்கள் பெண்ணையும் கொடுத்துக் காசையும் கொடுக்கிறார்களா?" என்று கேட்டு அப்படியே என்னைப் பார்த்தாள். அவர்கள் வழக்கத்தில் லொபோலா, மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்கு மாடு கொடுக்க வேண்டும். பதினொன்று என்பது பழைய கணக்கு, அதில் ஒன்று பெண்ணின் தாய்க்கென்றே. அன்று வீட்டுக்கு வந்து யோசித்தால், தமிழிலும் பரிசம் என்ற சொல் இருக்கிறதே, பரிசம் போடுவது மாப்பிள்ளை வீட்டார் வேலைதானே! சீர், சீதனம், வரதட்சணை, பரிசம் என்று நாலு சொல்லையும் எழுதி, எது எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது என்று அம்பு போட்டுக் காட்டினேன். படம் போடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள், ஐந்து நிமிஷம்கூட ஆகாது. லொபோலாவிலும் பேரம் உண்டு, கஷ்டம் உண்டு, அதை உயர்த்திப் பேசுவதற்காகச் சொல்லவில்லை. நாம் இயல்பு என்று எடுத்துக்கொண்டதை ஒருத்தி பார்த்துத் திகைத்தாள், அந்தத் திகைப்பு அறைக்குள் வர வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

படம் ஓடும்போது எல்லாரும் ஒன்றே ஒன்றைக் கவனித்தால் போதும் என்று சொல்லிவிடுங்கள்: பணம் பேசும்போது யார் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள், யார் பரிமாறுகிறார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் பேரம் பேசும் இடத்தில் எங்கள் பெரியம்மா ரிமோட்டைப் பிடுங்கி நிறுத்தச் சொன்னார். "ஏம்மா, இவங்க திங்கறதும் அந்த வீட்டுச் சோறு, கேக்கறதும் அந்த வீட்டுக் காசா?" என்றார். நான் படித்த எந்த விமர்சனத்திலும் அந்தப் படத்தில் சாப்பாடும் வரதட்சணையும் ஒட்டும் இடத்தை இவ்வளவு நேராகச் சொன்ன வரி இல்லை.

பார்த்து முடித்த அன்றே எழுதச் சொல்லாதீர்கள். மறுநாள் காலையில், விமர்சனங்களைத் திரும்பப் படிக்காமல், ஆளுக்கு ஒரு பக்கம் எழுதட்டும். கதைச் சுருக்கம் மூன்று வரிக்கு மேல் வேண்டாம், நடிப்பைப் பற்றிச் சொன்னால் எந்தக் காட்சி என்று சொல்ல வேண்டும், ஐதராபாத் பேச்சு ஒட்டியதா இல்லையா என்பதை இந்தி தெரிந்தவர் மட்டும் சொல்லட்டும், மற்றவர் அதைத் தொட வேண்டாம். பிடித்திருந்தது பிடிக்கவில்லை என்பதைக் கடைசியில் எழுதலாம். எழுதி முடித்த பிறகு, முதலில் மூன்று தலைப்பில் குறித்தீர்களே அந்த நோட்டை எடுத்து, தன் பக்கத்தையும் அதே மாதிரி எண்ணிப் பார்க்கட்டும். என் பக்கத்தில் சாப்பாடு ஒன்பது வரி, வரதட்சணை நாலு வரி. கிழித்துவிட்டுத் திரும்ப எழுதினேன்.

பெரியம்மாவுக்கு எழுத வராது, அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். அவர் பக்கம் முழுக்க அந்த அப்பாவைப் பற்றி. குமாஸ்தா சம்பளத்தில் ஒரு பெண்ணை வளர்த்தவர், ஒவ்வொருவரும் தொகையைச் சொல்லும்போது அவர் முகம் எப்படி மாறுகிறது என்று ஒவ்வொரு காட்சியாகச் சொன்னார், 1950களில் தன் அக்கா கல்யாணத்தில் தன் அப்பா முகத்தைப் பார்த்ததையும் நடுவில் சேர்த்துக்கொண்டார். அதை அடுத்த மாதம் வந்த பெண்களுக்கு வாசித்துக் காட்டியபோது, அனுபம் கேர் வரும் முதல் பகுதியை மட்டும் இன்னொரு முறை போடச் சொன்னார்கள்.