வீட்ல காய்ச்சுன லைட் ஏல் பீர்ல வந்த நெயில் பாலிஷ் வாடை போனது எப்படி

முத்தியால்பேட்டைல மாடி வீடு, மே மாசம். பார்லி மால்ட்ட (முளைகட்டி காய வச்ச பார்லி) 65 டிகிரில ஒரு மணி நேரம் ஊற வச்சு வடிச்சு கொதிக்க வச்சு ஹாப்ஸ் (பீருக்கு கசப்பும் வாசமும் தர்ற பூ) போட்டு எல்லாம் சரியாத்தான் பண்ணேன், ஆனா ரெண்டு தடவையும் நெயில் பாலிஷ் வாடை, தொண்டைல சுள்ளுனு ஒரு காரம். மால்ட் பழசோன்னு நினைச்சேன், இல்ல, சூடுதான். ரூமே 33, ஈஸ்ட் வேலை செய்யுறப்ப அதுவும் சூடு கிளப்பும். மூணாவது தடவ பீர் நொதிக்கிற பக்கெட்ட பெரிய தண்ணி டப்புல எறக்கி, ஃப்ரீசர்ல உறைய வச்ச தண்ணி பாட்டில காலைல ரெண்டு சாயந்தரம் ரெண்டுன்னு மாத்தி மாத்தி போட்டேன். ஈரத் துண்டு சுத்தி ஃபேன் வச்சதெல்லாம் நம்ம கடலோர புழுக்கத்துக்குப் பத்தல. ஈஸ்ட் தூவுறதுக்கு முன்னாடியே கொதிச்ச சாற 20 டிகிரிக்கு எறக்கிடுங்க, முதல் மூணு நாள்தான் முக்கியம். இந்த தடவ லேசா, சுத்தமா, பிஸ்கட் வாசத்தோட வந்துச்சு, அவ்ளோ சந்தோஷம்.