பிளாட்டினமே இல்லாத வினையூக்கியில் பிளாட்டினம் எப்படி வந்தது?

தண்ணீரைப் பிரித்து பசுமை ஹைட்ரஜன் எடுக்க நிக்கல், இரும்பு, மாலிப்டினம் போன்ற மலிவான உலோகங்களே போதும் என்று காட்டத்தான் இந்தத் துறையில் பலரும் உழைக்கிறோம். புதிதாக வருகிறவர்கள், நாங்கள் அந்தக் காலத்தில் சறுக்கிய அதே இடங்களில் சறுக்குகிறார்கள். எடை போடுவதில், கரைசல் கலக்குவதில் வரும் பிழைகளை விட்டுவிடுகிறேன். அவை சீக்கிரமே பிடிபட்டுவிடும்.

பிளாட்டினம் கவுன்டர் எலெக்ட்ரோடு

இன்றும் எரிச்சல் தருவது இதுதான். ஒரு மாணவர் கார்பன் தாளில் மாலிப்டினம் சல்ஃபைடு பூசி, கந்தக அமிலத்தில் சோதித்தார். முதலில் 10 மில்லியாம்பியர் மின்னோட்டம் வர 200 மில்லிவோல்ட் கூடுதல் அழுத்தம் கேட்டது (இது குறையக் குறைய வினையூக்கி நல்லது). இரவு முழுக்க மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி சைக்கிள் ஓடிய பிறகு அது பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. "சார், ஓட ஓட நல்லா ஆகுது" என்று ஓடி வந்தார். வினையூக்கி வழக்கமாகத் தேயும். தானாக இவ்வளவு தேறினால் முதலில் சந்தேகப்பட வேண்டும். எதிரில், மின்சுற்றை முடிக்கும் கவுன்டர் எலெக்ட்ரோடாகத் தொங்கியது பிளாட்டினக் கம்பி.

இந்தப் பக்கம் ஹைட்ரஜன் வரும்போது அந்தக் கம்பிதான் ஆனோடு, அதாவது ஆக்சிஜனேற்றம் நடக்கும் முனை. அதன் மேற்பரப்பு ஆக்சைடாகி, துளித்துளியாகக் கரையும். கரைந்த அயனிகள் நேராக வந்து நம் மின்முனையில் படியும். பிளாட்டினம் அவ்வளவு வீரியமானது என்பதால் கண்ணுக்குத் தெரியாத அளவே மின்னோட்ட வளைகோட்டை மாற்றிவிடும். மேற்பரப்பில் என்ன தனிமங்கள் உள்ளன என்று காட்டும் எக்ஸ்.பி.எஸ். எடுத்தோம், பிளாட்டினம் இருந்தது. அத்தனை நாள் அளவீடும் குப்பைக்குப் போனது.

கிராஃபைட் கம்பி போடுங்கள். அதுவும் மெல்ல அரிபடும், அதனால் நடுவில் ஒரு சவ்வும் வையுங்கள். சோதனைக்குப் பிறகு மின்முனையில் பிளாட்டினம் இருக்கிறதா என்று பார்க்காமல் கட்டுரை எழுத உட்காராதீர்கள்.

கே.ஓ.எச்.-இல் ஒளிந்திருக்கும் இரும்பு

கே.ஓ.எச். என்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு காரம். சுத்தமானது என்று வாங்கும் காரத்திலும் துளி இரும்பு இருக்கும். நிக்கல் ஹைட்ராக்சைடு அதை உறிஞ்சிக்கொண்டு ஆக்ஸிஜனை வேகமாக வெளியேற்றும், நிக்கலே நன்றாக வேலை செய்வதாகத் தோன்றும். காரிகன் என்ற ஆய்வாளர் இதை 1987-லேயே எழுதிவிட்டார். 2014-ல் ஓரிகன் பல்கலைக்கழகத்தின் போட்சர் குழு இன்னும் தெளிவாகக் காட்டியது. இரும்பில்லாத நிக்கல் ஹைட்ராக்சைடைக் காரத்தில் போட்டுக் குலுக்கி, தெளிந்த பிறகு இறுத்து எடுத்தால் சரியாகும். அப்புறம் அதைக் கண்ணாடிக் கலத்தில் ஊற்றாதீர்கள். காரம் கண்ணாடியை அரித்து இரும்பைத் திரும்பக் கொண்டுவரும். டெஃப்லான் கலம் எடுங்கள்.

1.35 வோல்ட் மேடு

நிக்கல் மின்முனையில் மின்னழுத்தத்தை ஏற்றும்போது இங்கே மின்னோட்டம் ஒரு மேடாக எழும். அது ஆக்ஸிஜன் வருவதால் இல்லை, நிக்கல்தான் ஆக்சிஜனேற்றம் அடைகிறது. மின்னழுத்தம் இறங்கித் திரும்பி வரும் ஸ்வீப்பில் அளவைப் படியுங்கள்.

சில்வர் குளோரைடு ரெஃபரன்ஸ்

மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்க வைக்கும் இந்த மின்முனை காரத்தில் வேண்டாம். மெர்குரி ஆக்சைடு போடுங்கள்.