போர் தண்ணீருக்கு ஆர்.ஓ. மாட்டியாயிற்று, அது நிஜமாகவே வேலை செய்கிறதா?

தர்மபுரிப் பக்கம் சொந்த போர் தண்ணீரை நம்பி இருக்கும் வீடு எங்களுடையது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-ல் மாவட்டத்துக்கு வந்தது. ஆனாலும் எங்களைப் போலத் தோட்டத்தில் வீடு கட்டியவர்களுக்கு இன்னும் போர்தான் கதி. இங்கே பாறையிலேயே ஃபுளோரைடு இருக்கிறது. பிள்ளைகளின் பல்லில் ஏறும் காவிக் கறையைப் பார்த்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அதனால்தான் வீட்டுக்கு வீடு ஆர்.ஓ. மாட்டுகிறோம். மாட்டியதோடு கவலை விட்டது என்று இருந்துவிடுகிறோம். மெஷின் ஓடுகிறதா என்று பார்த்தால் போதாது, எதை நீக்கத்தான் வாங்கினோமோ அது நீங்குகிறதா என்று பார்க்க வேண்டும். எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், போர் தண்ணீரைச் சோதியுங்கள்

மெஷின் விலை கேட்பதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். ஃபுளோரைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. குடித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டினால் சோதித்துத் தருவார்கள்.

மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, கழுத்துவரை நிரப்பி மூடுங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டாம், ஃபுளோரைடு கண்ணாடியோடு வினை புரியும். கிருமிச் சோதனைக்கு ஆய்வகத்திலேயே தனி பாட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். அதன் உள்பக்கம் விரல் படக்கூடாது. ஐஸ் வைத்த டப்பாவில் அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.

ரிப்போர்ட் வந்ததும் சில எண்களை மட்டும் பார்த்தால் போதும். இந்தியத் தரப்படி ஒரு லிட்டரில் ஃபுளோரைடு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு தண்ணீருக்கே வழியில்லை என்றால் 1.5 வரை போகலாம். நைட்ரேட் 45-ஐத் தாண்டக்கூடாது. டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பு, 500-க்குள் இருந்தால் நல்லது. ஈ-கோலை கிருமி இருக்கவே கூடாது.

எந்த மெஷின் எதை நீக்கும்?

கிருமி மட்டும்தான் பிரச்சினை என்றால் புற ஊதாக் கதிரால் அதைக் கொல்லும் யு.வி. போதும், ஆனால் தண்ணீர் கலங்கல் இல்லாமல் இருக்க வேண்டும். கார்பன் ஃபில்டர் வாடையை எடுக்கும். குளியலறைக் குழாயில் வெள்ளைப் படிவு கட்டாமல் இருக்க மாட்டும் சாஃப்ட்னர் கடினத்தன்மையைத்தான் குறைக்கும். இவை எதுவும் ஃபுளோரைடைத் தொடாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். தண்ணீர் வற்ற வற்ற ஃபுளோரைடின் அடர்த்தி கூடத்தான் செய்யும். ஃபுளோரைடுக்கு வீட்டில் வைக்கக்கூடிய மெஷின்களில் எளிதாகக் கிடைப்பது ஆர்.ஓ.தான்.

மாட்டிய பிறகு இரண்டு பக்கமும் அளவெடுங்கள்

சில நூறு ரூபாய்க்கு டி.டி.எஸ். மீட்டர் கிடைக்கும். போர் தண்ணீரில் ஒரு முறையும் ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு முறையும் வைத்துப் பாருங்கள். 1100 உள்ளே போய் 80 வெளியே வந்தால் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் உப்பு நீங்குகிறது, மெம்பிரேன், அதாவது மெஷினுக்குள் உப்பை வடிகட்டும் சவ்வு, நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். மாதம் ஒரு முறை பார்த்து, தேதி போட்டு மெஷினின் பக்கவாட்டில் ஒட்டி வையுங்கள். வெளியே வரும் எண் மாதாமாதம் ஏறினால் ஃபில்டரையோ மெம்பிரேனையோ பார்க்க வேண்டிய நேரம்.

இங்கேதான் நாங்கள் ஏமாந்தோம். பல மெஷின்களில் டி.டி.எஸ். கூட்ட ஒரு சின்னத் திருகு இருக்கும். தண்ணீர் சப்பென்று இருக்கிறது என்று அம்மா சொன்னதும், சர்வீசுக்கு வந்த தம்பி அந்தத் திருகைத் திறந்துவிட்டுப் போனார். தண்ணீர் ருசியாகிவிட்டது. மீட்டரில் 420, அதாவது 500-க்குள்தான். எல்லோருக்கும் நிம்மதி.

அந்தத் திருகு செய்வது என்ன தெரியுமா? மெம்பிரேன் வழியே போகாத போர் தண்ணீரைக் கொஞ்சம் எடுத்து, சுத்தமான தண்ணீரில் கலக்கிறது. 80 என்பது 420 ஆக வேண்டுமென்றால் மூன்றில் ஒரு பங்கு போர் தண்ணீர் கலந்திருக்க வேண்டும். எங்கள் போரில் ஃபுளோரைடு 3.6, மெம்பிரேன் தாண்டி வந்தது 0.3. அந்தக் கணக்கில் கலந்தால் 1.4 வரும், இருக்க வேண்டிய 1-க்கு மேல். ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தபோது கிட்டத்தட்ட அதேதான் வந்தது. எத்தனை மாதம் அதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம் என்று நினைத்தால் இன்றைக்கும் மனசு பதறுகிறது.

டி.டி.எஸ். மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், அதில் ஃபுளோரைடு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. அதனால் திருகை முழுதாக மூடச் சொல்லுங்கள். சர்வீஸ் ஆள் வந்துபோன ஒவ்வொரு முறையும் மீட்டரை வைத்துப் பாருங்கள். வருடம் ஒரு முறையாவது, முடிந்தால் கோடையில், ஆர்.ஓ. தண்ணீரையே ஆய்வகத்தில் கொடுத்து ஃபுளோரைடு பாருங்கள்.

எந்தத் தண்ணீரை எதற்கு?

குடிக்க மட்டும் ஆர்.ஓ., உலைக்கு போர் தண்ணீர் என்று பல வீடுகளில் வழக்கம். சோற்றைக் குக்கரில் வைத்தால் ஊற்றிய தண்ணீரிலுள்ள ஃபுளோரைடு அப்படியே தட்டுக்கு வந்துவிடும். குழம்பு, டீ, பிள்ளைகளுக்குக் காய்ச்சும் கஞ்சி எல்லாவற்றுக்கும் ஆர்.ஓ. தண்ணீரே ஊற்றுங்கள்.

அப்புறம், மெஷினிலிருந்து கழிவாக வரும் தண்ணீரில் ஃபுளோரைடு போர் தண்ணீரைவிட அதிகம். அதை வாசல் கழுவவும் கழிவறைக்கும் வைத்துக்கொள்ளலாம். வீணாகிறதே என்று மாட்டுத் தொட்டியில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள்.